பாய்மரமும் பேனாவும் : ஆர்தர் ரான்சம் வரலாறு

பத்திரிகைத் தொழிலில் ஈடுபட்டோரின் பெயர்கள் பெரும்பாலும் அவர்கள் எழுதிய தாளோடு தாளாக மறைந்துபோகின்றன. அரசியலை எழுதியவர்களுக்கே கதி அதுவானால், ஓய்வு நாளில் படகோட்டிப் பொழுதுபோக்குவதைப் பற்றி எழுதிய பத்திரிகையாளரை நினைத்துப் பார்ப்பவர் யார்? செய்திக்கூடத்தில் அவருக்குக் கடைசி நாற்காலி. கற்றோர் அவையில் அந்த நாற்காலியும் இல்லை. அத்தகைய எழுத்துக்காகவே நல்லதொரு உத்தியோகத்தை விட்டு விலகி, பிற்காலத்தில் பல்கலைக்கழகமும் அரசும் அழைத்துச் சிறப்பிக்கும் நிலையை எய்திய ஒருவரின் வரலாற்றை இம்மலரில் கூற விழைகிறோம். அவர் ஆங்கில நாட்டு எழுத்தாளர் ஆர்தர் ரான்சம். பள்ளி நூலகத்திலிருந்து நம் வீட்டுப் பிள்ளைகள் கொண்டுவரும் புத்தகங்களிடையே 'ஸ்வாலோஸ் அண்ட் அமேஸான்ஸ்' என்ற நூலைக் கண்ட பெற்றோர் சிலரேனும் நம்மிடையே இருப்பர். அதை எழுதியவர் இவரே.

ரான்சம் 1884-ஆம் ஆண்டு ஜனவரி 18-ஆம் நாள் லீட்ஸ் நகரில் பிறந்தார். தந்தையார் சிரில் ரான்சம் அவ்வூர் யார்க்ஷயர் கல்லூரியில் வரலாற்றுப் பேராசிரியர். கோடை விடுமுறை வந்ததும் குடும்பம் முழுவதும் வடக்கே காணிஸ்டன் ஏரிக்கரைக்குப் போய்விடும். மூட்டைகளைக் கீழே வைத்த கையோடு சிறுவன் ஏரிக்கு ஓடி, நீரில் கை நனைத்து, வந்துவிட்டேன் என்று தனக்குள் சொல்லிக்கொள்வானாம். கோடை விடுமுறையில் ஊருக்குப் போய், ரயிலைவிட்டு இறங்கியதும் ஆற்றங்கரைக்கு ஓடிய அனுபவம் நம்மிலும் பலருக்கு உண்டு.

ஆர்தருக்குப் பதின்மூன்று வயதாகும்போது தந்தை காலமானார். மகன் படிப்பில் தேறமாட்டான் என்ற கவலை அவருக்குக் கடைசிவரை இருந்தது. ரக்பி பள்ளியில் ஆர்தர் ஒளிவிடவில்லை. கிட்டப்பார்வை உடைய பையன். அக்குறையை நெடுநாள் யாரும் கண்டுகொள்ளவில்லை. எழுத்தில் அவனுக்கு இருந்த விருப்பத்தை மதித்து ஊக்கியவர் ரௌஸ் என்ற ஆசிரியர். பிற்காலத்தில் கிரேக்க, லத்தீன் நூற்பதிப்புகளால் பெரும்புகழ் பெற்ற இந்த ரௌஸ், நம் கல்கத்தாவில் பிறந்தவர்.

பள்ளி முடிந்து, தந்தையார் பணியாற்றிய அதே கல்லூரியில் விஞ்ஞானம் பயிலச் சேர்ந்தார் ரான்சம். சில மாதங்களிலேயே அதை விட்டுவிட்டு லண்டனுக்குப் போய், ஒரு பதிப்பகத்தில் எடுபிடி வேலைக்கு அமர்ந்தார். பேராசிரியர் மகன் பார்சல் சுமப்பதா என்று உறவினர் முகஞ்சுளித்திருப்பர் என்பதில் ஐயமில்லை. அங்கிருந்து மெல்ல மெல்லக் கட்டுரை எழுதியும், நூல் மதிப்புரை எழுதியும் பிழைக்கலானார். 1907-இல் 'லண்டனில் பொஹீமியா' என்ற நூல் வெளிவந்தது. காணிஸ்டனில் வாழ்ந்த ஓவியரும் அறிஞருமான காலிங்வுட்டின் வீடு அவருக்கு இரண்டாவது தாய்வீடாயிற்று. 'ஸ்வாலோ' என்ற பெயருடைய படகில் அவர் பாய் விரித்தோடப் பழகியது அக்குடும்பத்தோடுதான்.

1909-இல் ஐவி வாக்கர் என்ற பெண்மணியை மணந்தார். அடுத்த ஆண்டு டபிதா என்ற மகள் பிறந்தாள். மணவாழ்க்கை இனிதாக அமையவில்லை. 1912-இல் அவர் எழுதிய ஆஸ்கார் வைல்டு பற்றிய நூலுக்காக ஆல்பிரட் டக்ளஸ் பிரபு அவதூறு வழக்குத் தொடுத்தார். 1913-இல் தீர்ப்பு ரான்சமுக்குச் சாதகமாகவே வந்தது. ஆனால் வழக்கு நடந்த மாதங்களில் மனிதர் நொந்துபோனார். அவ்வாண்டே வீட்டை விட்டு ருஷ்யாவுக்குப் புறப்பட்டார். மொழியைக் கற்று, அந்நாட்டு நாடோடிக் கதைகளைத் தொகுத்து 1916-இல் வெளியிட்டார். இதற்கிடையே உலகப் போர் மூள, 'டெய்லி நியூஸ்' பத்திரிகையின் நிருபரானார். கதை தேடிப் போனவரை வரலாறு கையைப் பிடித்து இழுத்தது என்றே சொல்லவேண்டும்.

1917-ஆம் ஆண்டுப் புரட்சியை அவர் நேரில் கண்டார். லெனினோடும் டிராட்ஸ்கியோடும் பழகினார். டிராட்ஸ்கியின் காரியதரிசியாக இருந்த எவ்கேனியா ஷெலிபினாவிடம் மனத்தைப் பறிகொடுத்தார். 1919-இல் இங்கிலாந்து திரும்பியபோது போலீஸ் அதிகாரிகள் அவரை ரயில் நிலையத்திலேயே நிறுத்தி, விசாரணைக்கு அழைத்துச் சென்றனர். போல்ஷ்விக் அனுதாபி என்ற பழி அவர்மேல் இருந்தது. அவரே பிரிட்டிஷ் உளவுத்துறைக்கும் செய்தி அளித்துவந்தார் என்பது 2005-இல் வெளியான அரசாங்கக் கோப்புகளால் தெரியவந்தது. இரு தரப்பாரும் சந்தேகித்த மனிதர் எந்தத் தரப்பைச் சேர்ந்தவர் என்று இன்றும் வாதிடுவோர் உண்டு. அவ்வழக்கில் நாம் தீர்ப்புக் கூற முன்வரவில்லை.

அவ்வாண்டே 'மாஞ்செஸ்டர் கார்டியன்' ஆசிரியர் சி. பி. ஸ்காட் அவரைத் தம் நிருபராக ஏற்றுக்கொண்டார். மீண்டும் கிழக்கே சென்ற ரான்சம், எஸ்தோனிய அரசின் சமாதானச் செய்தியைப் போர்முனையைக் கடந்து மாஸ்கோவுக்குச் சுமந்துசென்றார். திரும்பும்போது எவ்கேனியாவை உடன் அழைத்துவந்தார். இருவரும் முதலில் ரேவல் நகரிலும் (இன்றைய தாலின்), பின்னர் ரீகாவிலும் குடியிருந்தனர். ருஷ்யச் செய்திகளைத் திரட்டித் தந்தியனுப்புவது உத்தியோகம். பால்டிக் கடலில் படகோட்டுவது ஓய்வு.

முதலில் வாங்கியது ஒரு பழைய திறந்த படகு. அதற்கு 'நத்தை' என்று பொருள்படும் பெயர் வைத்தார்கள். பொருத்தமான பெயர்தான். அடுத்தது சிறு அறையுள்ள இன்னொரு படகு. இரண்டிலும் மனம் நிறையாமல், எக்கர்ஸ் என்ற நிபுணரிடம் வரைபடம் பெற்று, ரீகாவில் சொந்தமாக ஒரு படகு கட்டுவித்தார். அதுவே 'ரகுண்ட்ரா'. நீளம் ஏறத்தாழ 30 அடி, அகலம் 12 அடிக்குச் சற்றுக் குறைவு. வேகமாக ஓடுவதைவிட வீடுபோல் வசதியாக இருப்பதே முக்கியம் என்று கேட்டு வாங்கிய அமைப்பு அது. உள்ளே எழுதுவதற்கென்று நல்ல மேஜை ஒன்று உண்டு. வசந்தத்தில் தருவதாகச் சொன்ன படகு 1922 ஆகஸ்டில்தான் கைக்கு வந்தது. அப்போதும் வேலை முற்றுப்பெறவில்லை. வீடு கட்டி, கொத்தனாரிடமும் தச்சரிடமும் தவணை கேட்டு நின்ற நம் காலனி அன்பர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

கோடை கழிந்துபோகிறதே என்ற பதைப்பில், அரைகுறைப் படகிலேயே ஆகஸ்ட் 20-ஆம் நாள் ரீகாவிலிருந்து புறப்பட்டார். எவ்கேனியா சமையல் பொறுப்பு; ஸேமல் என்ற முதிய மாலுமி துணை. தேயிலைக் கப்பல்களின் காலத்தில் புகழ்பெற்ற 'தெர்மாபிலே'யில் பணிபுரிந்த பழுத்த கடலோடி அவர். தீவுகளிடையே நுழைந்து, ரேவல் வழியாக ஹெல்சிங்கி சென்று, செப்டம்பர் இறுதியில் காற்றோடும் மூடுபனியோடும் போராடித் திரும்பினர். 1923-இல் 'ரகுண்ட்ராவின் முதற் பயணம்' நூலாக வெளிவந்தது. அதில் வீரதீரச் செயல் எதுவும் இல்லை. நங்கூரம் எங்கே பிடித்தது, எங்கே பிடிக்கவில்லை, எந்தத் தீவில் யார் பால் கொடுத்தார், சாப்பாட்டுக்கு என்ன என்பவையே விஷயம். உலகை உலுக்கிய அரசியலைப் பற்றி அவர் எழுதிய நூல்கள் இன்று ஆராய்ச்சியாளரின் மேஜைக்குத்தான் வருகின்றன; சமையற்குறிப்பும் காற்றின் திசையும் நிறைந்த இந்நூலைப் படகோட்டிகள் இன்றும் விரும்பிப் படிக்கிறார்கள்.

1924-இல் முதல் மணம் சட்டப்படி முறிந்தது. மே மாதம் ரேவலில் எவ்கேனியாவை மணந்து இங்கிலாந்து திரும்பினார். 1925-இல் ரகுண்ட்ராவை விற்கவேண்டி வந்தது. அந்தப் பெயர் தமக்கே உரியது, வாங்குபவர் வேறு பெயர் சூட்டிக்கொள்ளவேண்டும் என்று நிபந்தனை விதித்தார். வாங்கிய இளைஞர் ஆட்லார்ட் கோல்ஸ். அவர் அப்படகை ரீகாவிலிருந்து ஓட்டிச்சென்ற பயணத்தைத் தாமும் ஒரு நூலாக எழுதினார். பின்னாளில் படகு நூல்களையே வெளியிடும் பதிப்பகம் ஒன்றை நிறுவினார். ஒரே படகு இரண்டு எழுத்தாளரை ஆதரித்தது.

வின்டர்மியர் ஏரிக்கு அருகில் ஒரு பழைய பண்ணை வீட்டை வாங்கி ரான்சம் குடியேறினார். 1925 முதல் 1929 வரை 'கார்டியன்' இதழில் தூண்டில் மீன்பிடிப்பைப் பற்றி வாரந்தோறும் எழுதிவந்தார். ஆனால் பத்திரிகை அவரைச் சும்மா விடவில்லை. எகிப்து என்றும் சீனா என்றும் அனுப்பிக்கொண்டே இருந்தது. வயிற்றுப் புண் அவரை வாட்டத் தொடங்கியிருந்தது.

1928-ஆம் ஆண்டுக் கோடையில் காலிங்வுட்டின் மகள் டோரா, சிரியாவில் மருத்துவராயிருந்த கணவர் எர்னஸ்ட் ஆல்டூனியனோடும் பிள்ளைகளோடும் காணிஸ்டனுக்கு வந்திருந்தார். பிள்ளைகளுக்காக 'ஸ்வாலோ', 'மேவிஸ்' என்ற இரண்டு படகுகள் வாங்கப்பட்டன. அவர்களுக்கு அவற்றை ஓட்டப் பழக்கினார் ரான்சம். 1929 ஜனவரியில் அவருடைய பிறந்த நாளுக்கு அக்குழந்தைகள் சிவப்பு நிறச் செருப்பு ஒரு ஜோடி பரிசளித்தார்கள். அதற்குக் கைம்மாறாக ஒரு கதை எழுதித் தரவேண்டும் என்று எண்ணினார்.

இங்கேதான் அவர் வாழ்வின் பெருந்திருப்பம் வந்தது. 'கார்டியன்' பத்திரிகையில் அவரை முழுநேரப் பொறுப்பில் அமர்த்த விரும்பினார்கள். முதிய ஸ்காட் ஓய்வு பெற்று, அவர் மகன் டெட் ஸ்காட் ஆசிரியராகும் தறுவாய். டெட் ஸ்காட்டோ ரான்சமின் பள்ளித் தோழர். நண்பரே ஆசிரியர், மதிப்புள்ள பத்திரிகை, மாதம் தவறாத வருமானம். வயதோ நாற்பத்தைந்து, உடல்நிலை சரியில்லை, கையிருப்பும் சொற்பம். எதிர்த்தட்டில் இருந்தது, பிள்ளைகள் ஏரியில் படகு விடும் கதை ஒன்றின் சில அத்தியாயங்கள். ரான்சம் உத்தியோகத்தை உதறினார். மாதச் சம்பளத்தை நம்பிக் குடும்பம் நடத்தும் நமக்கு இதை எண்ணும்போதே நெஞ்சு திக்கென்கிறது. அதைத் துணிவு என்பதா, பொறுப்பின்மை என்பதா என்பது முடிவு தெரிந்தபின் எளிதாகிவிடுகிறது. அன்று எவ்கேனியாவுக்கு எளிதாக இருந்திராது.

1930 ஜூலையில் 'ஸ்வாலோஸ் அண்ட் அமேஸான்ஸ்' வெளிவந்தது. விற்பனை முதலில் மந்தம்தான். இரண்டாவது நூலும் குடும்பத்தை நிமிர்த்தவில்லை. 1932-இல் வெளிவந்த மூன்றாவது நூல் 'பீட்டர் டக்' தான் புகழையும் பொருளையும் கொண்டுவந்தது. அதில் வரும் முதிய மாலுமியின் சாயல், ரகுண்ட்ராவில் உடன்வந்த ஸேமலுடையது. அதே ஆண்டு ஏப்ரலில் வின்டர்மியர் ஏரியில் படகு கவிழ்ந்து டெட் ஸ்காட் இறந்துபோனார். உடனிருந்த மகன் உயிர் தப்பினார். எந்த ஏரிப் படகோட்டத்தை இன்பத்தின் வடிவாக ரான்சம் எழுதினாரோ, அதுவே அவர் தோழரைக் கொண்டுபோயிற்று.

அதற்குப் பின்னும் அவர் எழுதிய படகு நூல்களில் நீரின் அபாயத்தை மறைத்ததில்லை. 1937-இல் வெளியான நூலில் நான்கு பிள்ளைகள் நங்கூரம் இழந்த படகில் மூடுபனியில் அகப்பட்டு, வடகடலைக் கடந்து ஹாலந்துக் கரையை அடைகின்றனர். அதை எழுதுவதற்காகத் தம் 'நான்சி பிளாக்கெட்' என்ற படகில் தாமே அக்கடலைக் கடந்து பார்த்தார். நிருபராக இருந்தபோது கற்ற பழக்கம் அது. நேரில் காணாததைப் பிள்ளைகளுக்கு எழுதுவதும் பிழை என்று அவர் கருதியிருக்கவேண்டும்.

1930 முதல் 1947 வரை இவ்வரிசையில் பன்னிரண்டு நூல்கள் வந்தன. இங்கிலாந்து நூலகச் சங்கம் பிள்ளைகள் நூலுக்கென்று கார்னகி பதக்கத்தை ஏற்படுத்தியபோது, 1936-ஆம் ஆண்டுக்குரிய முதற் பதக்கம் அவருடைய 'பிஜியன் போஸ்ட்' நூலுக்கே கிடைத்தது. படகுப் பயண நூல்களைத் திரட்டி மறுபதிப்புச் செய்யும் நூல்வரிசை ஒன்றை 1948-இல் ஒரு பதிப்பகம் தொடங்கியபோது, தனியாகவே உலகைச் சுற்றிய ஸ்லோகம் எழுதிய நூலுக்கு முன்னுரை எழுதினார். நைட் என்பவரின் நூலுக்கும் எழுதினார். இந்த நைட்டும் ஒரு பத்திரிகையாளரே. 1891-இல் காஷ்மீர், கில்கித் பக்கம் சுற்றி நூலெழுதியவர். தம் துறைக்கு முன்னோர் உண்டு என்று நிலைநாட்டிய இப்பணியை, ரான்சம் பெற்ற பதக்கத்தினும் மேலாக நாம் மதிக்கிறோம்.

1952-இல் லீட்ஸ் பல்கலைக்கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் வழங்கியது. அவர் பாதியில் விட்டோடிய யார்க்ஷயர் கல்லூரிதான் வளர்ந்து பல்கலைக்கழகமாகியிருந்தது. தந்தையார் இருந்து பார்த்திருக்கலாம். 1953-இல் அரசு சி. பி. இ. விருதளித்தது.

ஒன்றை மறைப்பது முறையாகாது. ஊரார் குழந்தைகளுக்கெல்லாம் இனிய தோழராக விளங்கிய இவருக்கும் சொந்த மகள் டபிதாவுக்கும் இடையே விழுந்த பிளவு ஆறவேயில்லை. அவருடைய பழைய நூலகம் முதல் மனைவியின் வீட்டிலேயே தங்கிவிட்டது; அதன் காரணமாகவும் மனக்கசப்பு வளர்ந்தது. குறை யார்மேல் என்று தீர்ப்பது நம் வேலையன்று. ஆயினும் ஏரிக்கரைப் பிள்ளைகளின் கதையைப் படிக்கும்போது, அக்கரையில் விளையாடாத ஒரு சிறுமியின் நினைவு நமக்கு வராமல் இல்லை.

நோயால் நெடுங்காலம் படுத்திருந்த ரான்சம் 1967 ஜூன் 3-ஆம் நாள் மாஞ்செஸ்டர் அருகில் காலமானார். காணிஸ்டனுக்கும் வின்டர்மியருக்கும் இடைப்பட்ட ரஸ்லண்டு கிராமத்து மாதாகோவில் வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டார். 1975-இல் எவ்கேனியாவும் அங்கேயே துயில்கொண்டார். பிள்ளைகள் ஓட்டிப் பழகிய 'மேவிஸ்' படகு காணிஸ்டன் ரஸ்கின் காட்சிசாலையில் இருக்கிறது. 'நான்சி பிளாக்கெட்' செப்பனிடப்பட்டு, ஓர் அறக்கட்டளையின் பராமரிப்பில் இன்றும் பாய் விரித்து ஓடுகிறது.