கடலுக்குள் கோயில் கண்ட ஆங்கிலேயர்

ஓசூரில் சந்திரசூடேசுவரர் மலைமேல் ஏறி நின்று ஊரைப் பாருங்கள். தொழிற்சாலைக் கூரைகள் தெரியும். மொட்டை மாடிகள்தோறும் ஒரு வட்டத் தட்டு தெரியும். டெலிவிஷனுக்காக வைத்த தட்டு அது. அநேகமாக எல்லாத் தட்டுகளும் தென்கிழக்கு வானத்தைப் பார்த்தபடி அசையாமல் இருக்கும்.

அங்கே என்ன இருக்கிறது?

சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் செயற்கைச் சந்திரன் ஒன்று இருக்கிறது. பூமி தன்னைத்தானே ஒருமுறை சுற்றும் நேரத்தில், அதுவும் பூமியை ஒருமுறை சுற்றி வந்துவிடுகிறது. தேரோடு கூடவே நடப்பவனுக்குத் தேர் எப்போதும் தன் பக்கத்திலேயே இருக்கும் அல்லவா? அப்படித்தான் அதுவும் நமக்கு ஒரே இடத்தில் நிற்கிறது. இப்படி மூன்றை நிறுத்தினால் உலகம் முழுவதற்கும் செய்தி அனுப்பலாம் என்று 1945-ம் ஆண்டிலேயே ஒருவர் எழுதினார். அப்போது ஒரு செயற்கைச் சந்திரன்கூட வானத்தில் இல்லை. எழுதியவருக்கு வயது 27.

அவர்தான் ஆர்தர் சி. கிளார்க். வானத்தைப் பற்றி எழுதி உலகப் புகழ் பெற்றவர். ஆனால் அவர் தம் வாழ்நாளில் பாதிக்கு மேல் கழித்தது நம் பக்கத்து இலங்கையில். அவரை அங்கே இழுத்தது கடல்!

படிக்கப் பணம் இல்லை

1917 டிசம்பர் 16-ந் தேதி இங்கிலாந்தில் மைன்ஹெட் என்ற கடற்கரை ஊரில் கிளார்க் பிறந்தார். 13 வயதில் தந்தையை இழந்தார். கல்லூரிக்கு அனுப்பப் பணம் இல்லை. அரசாங்கத்தில் தணிக்கைக் குமாஸ்தா வேலைக்குப் போனார். யுத்தம் வந்ததும் விமானப் படையில் சேர்ந்து ராடார் வேலை பார்த்தார். யுத்தம் முடிந்த பிறகுதான் லண்டனில் கல்லூரிப் படிப்பு. 1948-ல் கணிதத்திலும் பௌதிகத்திலும் முதல் வகுப்பில் தேறினார்.

ஆகாயத்தில் மிதக்க வேண்டும் என்பது அவருடைய தீராத ஆசை. அந்தக் காலத்தில் அது எப்படி நடக்கும்? பூமியிலேயே அந்த அனுபவம் கிடைக்கும் இடம் ஒன்று உண்டு. அதுதான் தண்ணீருக்கு அடி. அங்கே உடம்பு கனப்பதில்லை. கையைக் காலை அசைத்தால் பறக்கலாம்.

கடலுக்குள் மூச்சு விடும் கருவியில் மாயம் ஒன்றும் இல்லை. கம்ப்ரஸர் வைத்து இரும்பு சிலிண்டரில் காற்றை அடைப்பது சிப்காட் தொழிலாளர்களுக்குத் தெரிந்த வேலைதான். சூட்சுமம் வாயில் கவ்வும் வால்வில் இருக்கிறது. பத்து மீட்டர் ஆழத்திலேயே உடம்பின்மேல் அழுத்தம் இரண்டு மடங்காகிவிடும். வால்வும் அதே அழுத்தத்தில் காற்றைக் கொடுக்கும். அதனால் நெஞ்சு நசுங்காமல் மூச்சு விட முடிகிறது.

இந்தக் கருவியோடு ஆஸ்திரேலியாவின் பவழப் பாறைகளுக்குள் மூழ்கப் புறப்பட்டார் கிளார்க். 1954 டிசம்பரில் போகிற வழியில் கப்பல் கொழும்பில் நின்றது. சில மணி நேரம்தான் ஊரைப் பார்த்தார். அது போதுமானதாக இருந்தது. 1956-ல் நண்பர் மைக் வில்சனோடு திரும்பி வந்தார். பிறகு இலங்கையே அவருக்கு வீடாகிவிட்டது.

கடலடியில் தூண்கள்

ஓசூரில் ஈசுவரன் மலைமேல் இருக்கிறார். திருக்கோணமலையில் கோணேசுவரர் கடலை ஒட்டிய செங்குத்துப் பாறையின்மேல் இருக்கிறார். திருஞானசம்பந்தர் பாடிய தலம் அது. பழைய கோயிலை 1622-ல் போர்ச்சுக்கீசியர் இடித்துத் தள்ளினார்கள். தமிழ்ப் புத்தாண்டு நாளில், சுவாமி ஊர்வலம் போன சமயத்தில், பூசாரிகள்போல் வேடமிட்டு உள்ளே நுழைந்தார்கள் என்று சொல்வார்கள். கோயில் கற்களைக் கொண்டே அங்கு கோட்டையும் கட்டினார்கள். மிச்சமிருந்த கற்கள் பாறையிலிருந்து கடலில் விழுந்தன. முந்நூறு வருஷங்களுக்கு மேல் அவற்றைப் பார்த்தவர் யார்? மீன்கள்தான்!

1956-ல் கிளார்க்கும் வில்சனும் அந்தப் பாறையின் அடிவாரத்தில் மூழ்கினார்கள். மேலே பக்தர்கள் நின்று கும்பிடும் இடத்துக்கு நேர் கீழே, பாறைத் துண்டுகளுக்கு நடுவில் தூண்கள் கிடந்தன. செதுக்கிய கற்கள் கிடந்தன. கடல் அவற்றைத் தேய்த்திருந்தது. ஆனாலும் சிற்பியின் உளி பட்ட இடம் தெரிந்தது. கிளார்க் இதையெல்லாம் எழுதிப் புத்தகமாக வெளியிட்டார். கடலிலிருந்து வில்சன் மீட்டெடுத்த லிங்கம் கோயிலுக்கே வந்து சேர்ந்தது. புதிய கோயிலுக்கு 1963-ல் குடமுழுக்கு நடந்தது.

புகழ் முழுவதும் கிளார்க்குக்கே போய்விட்டது. வில்சனை இன்று நினைப்பவர் சிலரே. அது நியாயமா என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

அதே திருக்கோணமலைக்கு வடக்கே நிலாவெளி என்ற ஊர். அங்கே கரையிலிருந்து சுமார் ஒரு கிலோமீட்டரில் புறாமலைத் தீவு இருக்கிறது. பாறைகளில் மாடப்புறாக்கள் கூடு கட்டுவதால் அந்தப் பெயர். வெள்ளைக்காரர் காலத்தில் கடற்படையினர் அந்தத் தீவைக் குறி வைத்துச் சுட்டுப் பழகினார்கள். 1963-ல் அது சரணாலயமாயிற்று. 2003-ல் தேசியப் பூங்காவாயிற்று. தண்ணீருக்குள் முகத்தை வைத்தாலே பவழக்காடு தெரியும். கடலாமைகள் மேயும். துடுப்பு நுனி கறுத்த சிறிய சுறாக்கள் உலவும். சுறா என்றதும் பயப்பட வேண்டாம். ஆளைக் கண்டால் ஒதுங்கிப் போகிற இனம் அது. பவழத்துக்குத்தான் மனிதனிடம் பயம். அதன்மேல் கால் வைத்து நின்றாலே செத்துவிடும். பவழம் கல்லைப்போல் இருந்தாலும் அது உயிர்ப் பிராணி.

வெள்ளிப் புதையல்

1961-ல் இலங்கையின் தெற்குக் கடலில் வில்சனுக்கு வேறோர் அதிர்ஷ்டம் அடித்தது. படம் எடுக்கப் போன இடத்தில் உடைந்த கப்பல் ஒன்றைக் கண்டார். அதில் ஔரங்கசீப் காலத்து வெள்ளி ரூபாய்கள்! சூரத்தில் அச்சடித்தவை. வருஷம் ஹிஜ்ரி 1113. அதாவது 1702 வாக்கில். பைகள் மக்கிப் போய்விட்டன. ஆனால் நாணயங்கள் ஒன்றோடொன்று ஒட்டி, பையின் வடிவிலேயே கட்டியாக உறைந்து கிடந்தன.

உடனே போய்ப் பார்க்கக் கிளார்க் துடித்தார். 1962-ல் கை கால்கள் அசையாமல் படுத்த படுக்கையானார். தலையில் பட்ட அடியின் விளைவு என்றுதான் முதலில் எண்ணினார்கள். போலியோ என்பது பின்னரே தெரிந்தது. மூச்சு விடுவதே பாடாக இருந்தது. மாதக்கணக்கில் போராடி எழுந்தார். மறு வருஷம், 1963-ல், அந்தக் கப்பல் கிடந்த கடலுக்குப் போய்விட்டார்!

ஆனால் வியாதி அவரை விடவில்லை. பல வருஷங்களுக்குப் பிறகு திரும்பி வந்தது. கால்கள் தளர்ந்தன. கடைசியில் சக்கர நாற்காலிதான் கதி. தரையில் பத்து அடி நடக்கக் கஷ்டப்பட்ட மனிதர், தண்ணீருக்குள் தமக்கு ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவந்தார். ஆகாயத்தில் மிதக்கும் அனுபவத்தைத் தேடிப் பழகிய கடல், நடக்க முடியாத காலத்தில் அவருக்குக் கால் கொடுத்தது. பிறரையும் கடலுக்குள் அழைத்துப் போக ஹிக்கடுவையில் ஒரு நிலையமும் நடத்தினார்.

1975-ல் இந்தியா செயற்கைச் சந்திரன் வழியாக, கர்நாடகம் உள்பட ஆறு ராஜ்யங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்கு டெலிவிஷன் காட்டிற்று. அப்போது நம் விண்வெளி என்ஜினீயர்கள் கொழும்புக்குப் போய், கிளார்க்கின் வீட்டு மாடியில் ஒரு பெரிய தட்டை நிறுத்திக் கொடுத்தார்கள். முப்பது வருஷத்துக்கு முன் தாம் காகிதத்தில் எழுதியதை அவர் தம் வீட்டிலேயே உட்கார்ந்து பார்த்தார்.

2004 டிசம்பர் 26-ந் தேதி சுனாமி வந்தது. ஹிக்கடுவை நிலையத்தை அடித்துக்கொண்டு போயிற்று. அப்போது அவருக்கு வயது 87. நிலையத்தைத் திரும்பக் கட்டி நடத்தவே முனைந்தார்.

2008 மார்ச் 19-ந் தேதி கொழும்பில் கிளார்க் காலமானார். மதச் சடங்கு எதுவும் கூடாது என்பது அவர் விருப்பம். அப்படியே அடக்கம் செய்தார்கள். கோணேசுவரத்துக் கடலில் அவரோடு மூழ்கிய மைக் வில்சனோ, காமிராவையும் கருவிகளையும் துறந்து காவி கட்டி, சுவாமி சிவகல்கி என்ற பெயரில் கதிர்காமத்து முருகனின் அடியாராக வாழ்ந்து 1995-ல் மறைந்தார்.