நடையைப் படித்த வைத்தியர்

நெடுந்தீவின் முருகைக்கல் மதில்களுக்கு நடுவே வளர்ந்தவன் நான். எனது தந்தையார் அங்கே நெடுங்காலம் ஆசிரியராயிருந்தவர். கரும்பலகையில் அவர் எழுத்து முத்து முத்தாக விழும். ஓய்வுபெற்றபின் அவ்வெழுத்துச் சிறுத்தது. மடிமீது வாளா கிடக்கும்போதே வலக்கை நடுங்கியது. முகத்திலே சிரிப்பு மறைந்தது. ஒருநாள் குறிகட்டுவான் இறங்குதுறையிலே, வள்ளத்தில் ஏறவேண்டிய தருணத்தில், அவர் கால்கள் நிலத்தோடு ஒட்டியவைபோல நின்றுவிட்டன. பலர் முன்னிலையில் நான் அவரைக் கடிந்துகொண்டேன். சோம்பல் என்றே அன்று எண்ணினேன். அது நோயென்று பின்னர் தெரிந்தபோது, அதனை முதன்முதல் தெளிவுற எழுதிய மனிதரின் வரலாற்றைத் தேடிப் படிக்கலானேன்.

ஜேம்ஸ் பார்க்கின்சன் 1755ஆம் ஆண்டு ஏப்பிரில் 11ஆந் திகதி, இலண்டனை அடுத்த ஹொக்ஸ்டனில் பிறந்தார். தந்தையார் வைத்தியர், மைந்தரும் அத்தொழிலையே மேற்கொண்டார். ஏழைகளின் குரலைப் பாராளுமன்றம் கேட்கவேண்டுமென்று புனைபெயரிற் பிரசுரங்கள் எழுதினார். 1794இல் மன்னரைக் கொல்லச் சதியென்று நண்பர்கள் குற்றஞ்சாட்டப்பட்டபோது, அரச ஆலோசனைச் சபையின் முன்னே அஞ்சாது சாட்சியம் அளித்தார். கல்லாய் உறைந்த தொல்லுயிர்களிலும் அவருக்குத் தீராத காதல். அவைபற்றி 1804 முதல் 1811 வரை மூன்று தொகுதிகள் வெளியிட்டார். எங்கள் மதிற்கற்களிலே தெரியும் பவளப் பூக்களைக் கண்டிருந்தால் அவர் எவ்வளவு மகிழ்ந்திருப்பார்!

1817இல், அறுபத்திரண்டாம் வயதில், நடுக்குவாதம் பற்றிய சிறுநூலை வெளியிட்டார். அதன் ஆதாரம் ஆறே நோயாளர். அவர்களுள் இருவரைத் தெருவிலே கண்டு வினவினார். ஒருவரைத் தூரத்திலிருந்து பார்த்தார், அவ்வளவே. தெருவிற் கண்டவருள் ஒருவர் பழைய கடலோடி. ஓய்விலிருக்கும் கை நடுங்குவதையும், உடல் முன்னே வளைவதையும், நடை தன்னையறியாது ஓட்டமாவதையும், அறிவு மட்டும் பழுதுறாதிருப்பதையும் பார்க்கின்சன் ஒன்றாகக் கோத்துக் காட்டினார். நோயின் இருப்பிடத்தைக் கழுத்தருகே முள்ளந்தண்டு நாணிலே தேடியது அவரது பிழை. ஆயினும், பிணத்தை ஆராயும் வாய்ப்புத் தமக்குக் கிட்டவில்லையென ஒப்புக்கொண்டு, பின்வருவோர் ஆராயுமாறு வேண்டினார்.

அவர் 1824 டிசம்பர் 21இல் மறைந்தார். ஐயமற்ற உருவப்படம் ஒன்றுகூட இல்லை. அரைநூற்றாண்டு கழித்து, பாரிஸ் நகரத்துப் பேரறிஞர் ஷார்கோ அந்நோய்க்கு அவர் பெயரைச் சூட்டினார். 1919இல் திரெத்தியாகொவ், நடுமூளையின் கருநிறப் பகுதி சிதைவதைக் கண்டார். அங்குள்ள நரம்புக்கலங்கள் டோப்பமின் என்னும் பொருளைச் சுரக்கின்றன. அது குன்றினால் தசையில் வலுவிருந்தும், நட என்னும் ஏவல் உடனே செயலாவதில்லை, முகத்தசைகளும் இறுகுகின்றன. 1960களில் வந்த லெவோடோபா மருந்து அக்குறையை ஓரளவு ஈடுசெய்கிறது. மாய்ந்த கலங்களை மீட்பதில்லை.

பழக்கத்தால் நடக்கும் வழி அடைபட்டாலும், கண்ணாற் கண்டு காலெடுக்கும் வழி பலருக்குத் திறந்திருக்கும் என்றும் படித்தேன். அடுத்த பயணத்தில் தந்தையாரின் கால்கள் மீண்டும் உறைந்தன. சட்டைப் பையிலிருந்த வெண்கட்டியால் அவர் காலடிக்கு முன்னே ஒரு கோடு கீறினேன். அவர் அதை நோக்கினார், தாண்டினார், வள்ளத்தில் ஏறினார். முகத்திலே சிரிப்பில்லை. ஆனால் என் கையை அவர் பற்றிய பிடியிலே அது இருந்தது.