காதலா, கடவுளா? 'பிரைட்ஸ்ஹெட்' கதையை எழுதிய ஈவ்லின் வாஹ் யார்?

1981-ல் பிரிட்டனின் ஐடிவி சேனலில் 11 எபிசோடுகளாக வந்த தொடர் 'பிரைட்ஸ்ஹெட் ரீவிசிட்டட்'. பிரமாண்டமான மாளிகை, அதில் வாழும் கத்தோலிக்கப் பிரபுக் குடும்பம், அந்த வீட்டுக்குள் வரும் ஓவியர் சார்லஸ். சார்லஸாக நடித்தவர் ஜெரமி அயர்ன்ஸ்.

சார்லஸும் அந்த வீட்டுப் பெண் ஜூலியாவும் காதலிக்கிறார்கள். ரெண்டு பேருக்கும் ஏற்கெனவே திருமணமானவர்கள். விவாகரத்து வாங்கிச் சேரப்போகும் நேரத்தில், ஜூலியா விலகிவிடுகிறாள். காரணம், அவளுடைய மதம். இவ்வளவு காதலித்தும் ஏன் இந்த முடிவு? பதில், கதையை எழுதியவரின் வாழ்க்கையில் இருக்கு.

பிரபு இல்ல, பதிப்பாளர் மகன்

ஈவ்லின் வாஹ் 1903-ல் லண்டனில் பிறந்தார். அப்பா ஆர்தர் புத்தகப் பதிப்பாளர், நடுத்தரக் குடும்பம். ஆக்ஸ்ஃபோர்டில் படிக்கப் போனவர் குடியும் கூத்துமாக இருந்து, பட்டம் வாங்காமலே வெளியேறினார். ஆனா அங்கேதான் ஹ்யூ லைகன் என்ற பிரபு வீட்டுப் பையன் நண்பரானார். பின்னாளில் அவர்களின் மேட்ரஸ்ஃபீல்ட் மாளிகைக்கு வாஹ் அடிக்கடி போய்வந்தார். கதையில் வரும் குடும்பத்துக்கு இவர்களே முன்மாதிரி என்று பலரும் கருதுகிறார்கள்.

ஒரே வருஷத்தில் உடைந்த கல்யாணம்

1928-ல் முதல் நாவல் வெளியாகி பெயர் கிடைத்தது. அதே வருஷம் கல்யாணம். மனைவி பெயரும் ஈவ்லின்தான்! நண்பர்கள் ஆண் ஈவ்லின், பெண் ஈவ்லின் என்று பிரித்துச் சொல்லும் அளவுக்கு வேடிக்கையான ஜோடி. ஆனா ஒரே வருஷத்தில், வேறொருவரைக் காதலிப்பதாகச் சொல்லி மனைவி பிரிந்துபோனார். வாஹ் நொறுங்கிப்போனார்.

1930-ல் விவாகரத்து முடிந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் அவர் கத்தோலிக்கரானார்.

இங்கேதான் சிக்கல். கோர்ட் கொடுக்கும் விவாகரத்தைக் கத்தோலிக்கத் திருச்சபை ஏற்பதில்லை. முதல் மனைவி உயிரோடு இருக்கும்வரை மறுமணம் கிடையாது. அப்போது அவருக்கு வயது 26. இனி குடும்பமே இல்லை என்று தெரிந்துதான் சேர்ந்தார்.

அப்புறம் லாரா ஹெர்பர்ட் என்ற பெண்ணைக் காதலித்தார். முதல் திருமணமே செல்லாது என்று ரோம் அறிவித்தால்தான் வழி. காத்திருந்தார். 1936-ல் அனுமதி வந்தது, 1937-ல் கல்யாணம் நடந்தது. தனக்குத் திறந்த கதவை ஜூலியாவுக்கு மட்டும் அவர் திறக்கவில்லை.

நண்பரின் மரணப் படுக்கை

1943 அக்டோபரில், மதத்தை விட்டு விலகியிருந்த நண்பர் ஹ்யூபர்ட் டகன் இறக்கும் தறுவாயில் இருந்தார். குடும்பத்தில் சிலருக்கு விருப்பமில்லாதபோதும் வாஹ் ஒரு பாதிரியாரை அழைத்துவந்தார். கடைசி நேரத்தில் நண்பர் சிலுவை அடையாளம் வரைந்துகொண்டார்.

அதே வருஷக் கடைசியில், ராணுவத்தில் இருந்த வாஹ் பாராசூட் பயிற்சியில் காயமடைந்தார். 1944-ல் லீவு வாங்கி, சில மாதங்களில் நாவலை எழுதி முடித்தார். நாவலிலும் ஜூலியாவின் அப்பா சாகும்போது சிலுவை அடையாளம் வரைகிறார். ஜூலியாவின் மனம் மாறுவது அங்கேதான். டிவி தொடரில் அந்த அப்பாவாக நடித்த லாரன்ஸ் ஒலிவியருக்கு எம்மி விருது கிடைத்தது.

காதல் கதை மட்டும் போதுமா?

1947-ல் ஹாலிவுட்டின் எம்ஜிஎம் நிறுவனம் இதைப் படமாக்கக் கேட்டது. அவர்கள் பார்த்தது காதல் கதையை மட்டும். வாஹுக்கு அதில் இறையருள்தான் முக்கியம். பேச்சு முறிந்தது, படம் வரவில்லை.

கடைசி வருஷங்களில் அவரை வாட்டியதும் மதம்தான். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு லத்தீன் திருப்பலி மறையத் தொடங்கியதை அவரால் தாங்க முடியவில்லை. 1966 ஏப்ரல் 10, ஈஸ்டர் ஞாயிறு. காலையில் லத்தீன் திருப்பலியில் கலந்துகொண்டு வீடு திரும்பியவர், அன்றே இறந்தார். வயது 62. உலகம் கொண்டாடிய அந்த டிவி தொடரை அவர் பார்க்கவே இல்லை.