முசே வீட்டுச் சிறுவன்

கோலசிலாங்கூர் மாவட்டத்தில் உள்ள பெஸ்தாரி ஜெயா வட்டாரத்தில் சாலையின் இருமருங்கும் செம்பனை மரங்கள் வரிசை வரிசையாக நிற்கும். முன்னாளில் இவ்வட்டாரத்தின் பெயர் பத்தாங் பெர்ஜுந்தை. இங்குள்ள தென்னமரம் தோட்டத்தில்தான், 1917ஆம் ஆண்டில், நம் நாட்டிலேயே முதன்முறையாகச் செம்பனை வணிக நோக்கில் பயிரிடப்பட்டது. அதற்கு வழிவகுத்தவர் பிரான்சு நாட்டைச் சேர்ந்த ஆன்றி ஃபொக்கோனியே. அவர் ஒரு தோட்டத்துரை என்பது பலருக்குத் தெரியும். ஆனால், அவர் ஆக விரும்பியது தோட்டத்துரையாக அன்று; எழுத்தாளராக. அந்த ஆசை நிறைவேற அவர் தம் வாழ்நாளில் பாதிக்கும் மேற்பட்ட காலம் காத்திருந்தார்.

ஆன்றி 1879ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 26ஆம் நாள், தென்மேற்குப் பிரான்சில் உள்ள பார்பெசியூ எனும் சிற்றூரில் பிறந்தார். அவருடைய குடும்ப வீட்டுக்கு முசே என்று பெயர். உடன்பிறந்தவர்களோடு சேர்த்து அந்த வீட்டில் ஆறு பிள்ளைகள். சிற்றப்பன், மாமன் வழிப் பிள்ளைகளும் அங்கேயே வளர்ந்தனர். வீட்டைச் சுற்றிப் பெரிய தோட்டம் ஒன்று இருந்தது. மரங்களும் புதர்களும் நிறைந்த அந்தத் தோட்டமே அவர்களுக்கு விளையாட்டுத் திடல். அதுவே நாடக மேடையும் ஆயிற்று.

அன்று தொலைக்காட்சி இல்லை, வானொலியும் இல்லை. திரைப்படம் முதன்முதலாகப் பாரிசு நகரில் பொதுமக்களுக்குக் காட்டப்பட்ட 1895ஆம் ஆண்டில் ஆன்றிக்குப் பதினாறு வயது. எனவே, முசே வீட்டுப் பிள்ளைகளுக்குப் பொழுதுபோக்கு வேண்டுமென்றால், அதை அவர்களே உருவாக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. அவர்கள் நூல்களை விரும்பிப் படித்தனர், இசைக்கருவிகளை வாசித்தனர். ஆன்றி சிறுசிறு நாடகங்களை எழுதினார், இசையும் அமைத்தார். தம்பி தங்கையரும் ஊர் நண்பர்களும் அவற்றில் நடித்தனர்.

ஆயத்தமான காட்சியைப் பார்க்கும் பிள்ளைகள் எல்லாரும் ஒரே காட்டைத்தான் பார்க்கிறார்கள். கதையைக் கேட்டோ படித்தோ வளரும் பிள்ளை ஒவ்வொன்றும் தனக்கென ஒரு காட்டை மனத்தில் வரைந்துகொள்கிறது. பிறகு அந்தக் காட்டை மற்றவர்களுக்குக் காட்ட வேண்டும் என்ற ஆவல் பிறக்கிறது. முசே வீட்டுத் தோட்டத்தில் அந்த ஆவல் செழித்து வளர்ந்தது. ஆன்றியோடு சேர்ந்து விளையாடிய ஊர் நண்பர் ஒருவர் பின்னாளில் ஷாக் ஷர்தோன் எனும் புனைபெயரில் புகழ்பெற்ற நாவலாசிரியரானார். ஆன்றியின் தங்கை ஷெனவியெவ் 1933ஆம் ஆண்டில் தம் நாவலுக்காக ஃபெமினா பரிசைப் பெற்றார். ஒரு சிற்றூரின் ஒரே விளையாட்டுக் குழுவிலிருந்து மூன்று எழுத்தாளர்கள் தோன்றினர் என்பது எளிதில் நிகழும் செய்தியன்று.

இனிமையாகக் கழிந்த அந்த வாழ்க்கை நிலைக்கவில்லை. 1901ஆம் ஆண்டில் ஆன்றியின் தந்தையார் காலமானார். சட்டம் பயின்றுகொண்டிருந்த ஆன்றி அப்படிப்பைக் கைவிட்டு இங்கிலாந்துக்குச் சென்றார். அங்கே ஒரு பள்ளியில் பிரெஞ்சு மொழியும் இசையும் கற்பித்தார். வருவாய் குறைவு. எழுத வேண்டும் என்ற ஆசை மட்டும் குறையவே இல்லை. எழுதுவதற்கு ஓய்வு வேண்டும்; ஓய்வுக்குப் பணம் வேண்டும்; ஆகவே முதலில் பொருளீட்டுவோம், பிறகு மனம்போல் எழுதுவோம் என்று அவர் ஒரு முடிவுக்கு வந்தார்.

அந்நேரத்தில், போர்னியோ தீவில் சாகோ பயிரிட்டால் நல்ல ஆதாயம் கிடைக்கும் என்ற செய்தி அவர் கண்ணில் பட்டது. உடனே புறப்படத் துணிந்தார். 1905ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் மார்செய் துறைமுகத்தில் கப்பலேறினார். ஆனால், சிங்கப்பூரை அடைந்தபோது அவருடைய திட்டம் மாறியது. அக்காலத்தில் மோட்டார் வண்டிகள் பெருகத் தொடங்கியிருந்தன. வண்டிச் சக்கரங்களுக்கு ரப்பர் தேவைப்பட்டது. சாகோவை விட மலாயாவின் ரப்பரே எதிர்காலம் உள்ளது என்பதை அவர் அறிந்துகொண்டார். போர்னியோவுக்குச் செல்லாமல் மலாயாவுக்கு வந்தார்.

வந்தவுடன் அவர் தோட்ட முதலாளியாகிவிடவில்லை. அனுபவமிக்க தோட்டத்துரை ஒருவரிடம் சேர்ந்து தொழில் பழகினார். மலாய் மொழியைக் கற்றார், தமிழையும் கற்றார். தோட்டங்களில் வேலை செய்தவர்களுள் பெரும்பாலோர் தமிழர்கள். அவர்களிடம் பேசத் தெரியாதவர் தோட்டத்தை நடத்த முடியாது. பிறகு, சிலாங்கூர் ஆற்றை அடுத்த ரந்தாவ் பாஞ்சாங் எனும் இடத்தில் தமக்கென நிலத்தைத் தேர்ந்தெடுத்து, 1906ஆம் ஆண்டில் அங்கேயே குடியேறினார். சுற்றிலும் அடர்ந்த காடு. அங்கே அவர் கட்டிய வீட்டுக்குப் பனைகளின் இல்லம் என்று பொருள்படும் பிரெஞ்சுப் பெயரைச் சூட்டினார். பல ஆண்டுகள் கழித்து, அந்த வீடு அவருடைய நாவலுக்குள்ளும் இடம்பெற்றது.

ரப்பர்த் தொழில் பொறுமையைக் கேட்கும் தொழில். காட்டை அழித்துக் கன்று நட்டால், பால் எடுக்க ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும். அதுவரை செலவு மட்டுமே, வரவு இல்லை. ஆன்றி தம் ஊர் நண்பர்களிடமும் உறவினர்களிடமும் பணம் திரட்டினார். பின்னர், பெல்ஜிய நாட்டைச் சேர்ந்த ஆட்ரியன் ஹாலே என்பவரின் ஆதரவும் கிடைத்தது. 1908ஆம் ஆண்டில் பிரசல்சு நகரில் நிறுவனம் ஒன்று தொடங்கப்பட்டது. 1910ஆம் ஆண்டில் உலகச் சந்தையில் ரப்பர் விலை என்றும் இல்லாத அளவு உயர்ந்தது. சிறுவயதில் நாடகம் நடித்த பார்பெசியூ நண்பர்களுள் சிலரும் மலாயாவுக்கு வந்து தோட்டப் பணியில் இணைந்தனர்.

இந்தச் செல்வம் எவருடைய உழைப்பால் விளைந்தது என்பதையும் மறத்தல் ஆகாது. தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்த மக்கள் மலாயாத் தோட்டங்கள் தோறும் காட்டை வெட்டினர், கன்று நட்டனர், விடியுமுன் எழுந்து பெரட்டுக் களத்தில் கூடினர், வெயில் ஏறுமுன் பால்மரம் சீவினர். லயத்து வீடுகளில் நெருக்கியடித்து வாழ்ந்தனர். மலேரியாக் காய்ச்சல் பல உயிர்களைக் குடித்தது. கூலியோ சொற்பம். ஆயினும், அவர்களிடமும் கற்பனை வற்றிவிடவில்லை. கோயில் திருவிழா இரவுகளில் கூத்தும் நாடகமும் நடந்தன. பகலில் மரம் சீவியவர் இரவில் அரசராக வேடமிட்டார். தாய்மார் தாலாட்டிலும் ஒப்பாரியிலும் கடல் கடந்து வந்த துயரத்தைப் பாடினர். முசே வீட்டுப் பிள்ளைகளைப் போலவே, அவர்களும் இல்லாத மேடையைத் தாமே அமைத்துக்கொண்டனர்.

1911ஆம் ஆண்டளவில் சுமத்ராவிலிருந்து சில மூட்டைச் செம்பனை விதைகள் ஆன்றிக்குக் கிடைத்தன. மேற்கு ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இம்மரம் அன்று மலாயாவில் பெரும்பாலும் அழகுக்காகவே வளர்க்கப்பட்டது. ரந்தாவ் பாஞ்சாங்கிலும் அவ்விதைகள் முதலில் அழகுக்காகவே ஊன்றப்பட்டன. அம்மரத்தின் பழத்தில் உள்ள எண்ணெய்தான் அதன் உண்மையான செல்வம் என்பது விரைவில் விளங்கியது. தென்னமரம் தோட்டத்தில் காப்பிச் செடிகள் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. அந்நிலத்தில் 1917ஆம் ஆண்டு செம்பனை நடப்பட்டது. இன்று செம்பனை எண்ணெய் உற்பத்தியில் மலேசியா உலகில் இரண்டாம் நிலையில் இருக்கிறது. அதன் தொடக்கம் தமிழ்ப் பெயர் தாங்கிய அந்தத் தோட்டத்தில்தான் அமைந்தது.

பணம் வந்துவிட்டது. ஆனால், எழுதுவதற்கான ஓய்வு வந்ததா? இல்லை. தோட்டங்கள் பெருகப் பெருகப் பொறுப்புகளும் பெருகின. கணக்கு, கடிதம், பயணம் என்று நாள்கள் ஓடின. பொருளீட்டிய பிறகு எழுதுவோம் என்று போட்ட திட்டத்தில் பொருளீட்டுதல் மட்டுமே நிறைவேறியது. நாளை செய்வோம் என்று தள்ளிப்போட்ட பல ஆசைகள் இப்படித்தான் மனிதர்களின் வாழ்வில் மறைந்து போகின்றன.

1914ஆம் ஆண்டில் முதல் உலகப்போர் மூண்டது. ஆன்றி மலாயாவை விட்டுப் பிரான்சு சென்று படையில் சேர்ந்தார். பதுங்கு குழிகளில் சேற்றுக்கும் குண்டுகளுக்கும் இடையே நாள்களைக் கழித்தார். போர்க்காலத்திலேயே அவருக்குத் திருமணம் நடந்தது. அவர் தம் துணைவியாருக்கு எழுதிய கடிதங்கள் பிற்காலத்தில் நூலாக வெளிவந்தன. நாவல் எழுத நேரம் இல்லாத காலத்திலும் அவருடைய எழுதுகோல் ஓய்ந்துவிடவில்லை என்பதற்கு அக்கடிதங்களே சான்று.

போர் முடிந்த பின்னர் அவர் குடும்பத்தோடு மலாயாவுக்குத் திரும்பினார். 1925ஆம் ஆண்டில் வட ஆப்பிரிக்காவில் உள்ள துனிசியா நாட்டுக்குக் குடிபெயர்ந்தார். நெடுங்காலம் காத்திருந்த ஓய்வு அங்கேதான் கிடைத்தது. சிலாங்கூர் ஆற்றையும் காட்டையும் பனைகளின் இல்லத்தையும் விட்டு மிகத் தொலைவில் இருந்துகொண்டு, அவர் தம் மலாயா நாவலை எழுதி முடித்தார். கண்ணெதிரே இருந்தபோது எழுதப்படாத நாடு, கண்ணைவிட்டு அகன்ற பின் எழுத்தில் உருப்பெற்றது. சிறுவயதில் முசே தோட்டத்தில் செய்ததும் அதுதான்: எதிரே இல்லாத ஒன்றை மனத்தில் கண்டு, மற்றவர்களும் காணும்படி செய்வது.

மலாயாவைக் குறிக்கும் மலேசி என்னும் பிரெஞ்சுச் சொல்லே அந்த நாவலின் பெயர். அது 1930ஆம் ஆண்டில் வெளிவந்தது. லெஸ்கால் எனும் பிரெஞ்சு இளைஞர் மலாயாவுக்கு வருகிறார். போர்முனையில் தமக்கு அறிமுகமான ரோலேன் எனும் தோட்டத்துரையோடு வாழ்கிறார். அவர்களிடம் பணிபுரியும் மலாய் இளைஞர்கள், தோட்டத்தில் உழைக்கும் தமிழர்கள், காடு, ஆறு, கடல் ஆகியவை கதையில் இடம்பெறுகின்றன. மலாய் மக்களின் பந்துன் பாடல்கள் கதையோடு பின்னிக் கிடக்கின்றன. அவற்றின் அழகை ஐரோப்பிய வாசகர்கள் பலர் இந்நாவலின் வழியாகவே அறிந்தனர். அதே ஆண்டில் பிரான்சின் புகழ்பெற்ற இலக்கியப் பரிசான கொன்கூர் பரிசு இந்நாவலுக்குக் கிடைத்தது. அப்போது ஆன்றிக்கு வயது ஐம்பத்தொன்று. அடுத்த ஆண்டே ஆங்கில மொழிபெயர்ப்பும் வெளிவந்தது.

இந்த நாவலை இன்று படிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம். இது தோட்டத்துரையின் வீட்டுத் திண்ணையிலிருந்து பார்த்த மலாயா. லயத்து வாசலிலிருந்து பார்த்தால் அதே தோட்டம் வேறாகத் தெரியும். துரைக்கு இறுதியில் கிடைத்த ஓய்வு, மரம் சீவிய தொழிலாளிக்குக் கிடைக்கவில்லை. அந்த இன்னொரு கதையைப் பின்னாளில் தமிழ் எழுத்தாளர்கள் எழுதினர். தமிழகத்திலிருந்து வந்து சென்ற அகிலன், தோட்டத் தமிழர்களின் வாழ்வைப் பால்மரக் காட்டினிலே எனும் நாவலாகப் படைத்தார். தோட்டங்களில் பிறந்து வளர்ந்த மலேசியத் தமிழ் எழுத்தாளர்கள் பலர் தாம் கண்டதையும் பட்டதையும் சிறுகதைகளாகவும் நாவல்களாகவும் தந்தனர். இரு பக்கக் கதைகளையும் சேர்த்துப் படிக்கும்போதுதான் தோட்டத்தின் வரலாறு முழுமை பெறுகிறது.

ஆன்றி அதிகமாக எழுதியவர் அல்லர். 1938ஆம் ஆண்டில் கதைத் தொகுப்பு ஒன்றை வெளியிட்டார். 1973ஆம் ஆண்டில் தமது தொண்ணூற்று நான்காம் வயதில் காலமானார். அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்னரே, 1963ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள், மலேசியாவில் தொலைக்காட்சி ஒளிபரப்பு தொடங்கியிருந்தது. தொலைக்காட்சிப் பெட்டி இருந்த வீட்டு வாசலில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் கூடி நின்று படம் பார்க்கும் காலம் பிறந்தது. அவர்களுள்ளும், பெட்டியை மூடிய பிறகு பார்த்த கதையைத் தாமே நடித்துப் பார்த்தவர்கள் உண்டு. முடிவு பிடிக்காமல் வேறு முடிவைச் சேர்த்துச் சொன்னவர்களும் உண்டு. மேடை எதுவானாலும், பார்த்ததோடு நின்றுவிடாமல் தானும் ஒன்றைச் செய்து காட்ட வேண்டும் என்று துடிக்கும் மனமே படைப்பின் ஊற்று.

அந்தத் துடிப்பை ஆன்றி ஃபொக்கோனியே சிறுவயதில் பெற்றார். வறுமையும் வணிகமும் போரும் அதை அணைத்துவிடவில்லை. ஆயினும், ஒரு நாவலுக்காக அவர் கால் நூற்றாண்டு காத்திருக்க நேர்ந்தது. சிலாங்கூர் ஆற்றங்கரையில் அவர் ஊன்றிய விதைகள், அவருடைய நாவலுக்கு முன்பே காய்த்துவிட்டன.