பலாங்கொடையின் கறுப்புக் கல்லும் ஆனந்த குமாரசுவாமியும்

இரத்தினபுரி, பலாங்கொடைப் பள்ளத்தாக்குகளில் வயலுக்கும் ஆற்றுப்படுகைக்கும் அடியில் சரளைப் படை ஒன்று கிடக்கிறது. மாணிக்கக் கற்கள் அதற்குள்தான் இருக்கும். குழி தோண்டி, சுவர் சரியாதபடி மரக்கம்புகளை அடைத்து, ஊறும் தண்ணீரை இறைத்து, அந்தச் சரளையை அள்ளிக் கூடையில் அரித்துக் கழுவுவார்கள். சிங்களத்தில் அந்தப் படைக்குப் பெயர் இல்லம். தமிழ்க் காதுக்கு அது வேறு விதமாகத்தான் கேட்கும்.

நூற்றுச் சொச்சம் வருடங்களுக்கு முன் இந்தக் கற்களை ஆராய்ந்த அரச அதிகாரி ஒரு தமிழர். கலை அறிஞராக உலகம் அறிந்த ஆனந்த குமாரசுவாமி, புவிச்சரிதவியலாளராகத்தான் தொடங்கினார்.

1877 இல் கொழும்பில் பிறந்தார். தந்தை சேர் முத்து குமாரசுவாமி; தாய் எலிசபெத் பீபி, ஆங்கிலேயர். பொன்னம்பலம் இராமநாதனும் அருணாசலமும் தந்தையின் மருமக்கள். ஆனந்தாவுக்கு இரண்டு வயது நிரம்புமுன்னரே தந்தை இறந்துவிட, தாயுடன் இங்கிலாந்தில் வளர்ந்தார். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் புவிச்சரிதவியலும் தாவரவியலும் படித்தார். பிறகு மனைவி எத்தெலுடன் இலங்கை வந்து, 1903 இல் தொடங்கிய கனிய அளவைப் பணியின் முதல் பணிப்பாளரானார். இன்றைய புவிச்சரிதவியல் அளவை, சுரங்கங்கள் பணியகத்தின் வேர் அதுதான்.

கண்டிப் பக்கம் கங்கப்பிட்டியவில் கிடைத்த நீலக் கனியம் ஒன்றை, பிரித்தானிய அருங்காட்சியகத்தின் பிரயருடன் சேர்ந்து அவர் விவரித்தார். இலங்கையின் பழைய பெயரான செரண்டிப்பிலிருந்து அதற்கு செரண்டிபைற் என்று பெயரிட்டார்கள்.

அதைவிடப் புகழ்பெற்றது பலாங்கொடைக் கல். மாணிக்கம் அரிக்கும்போது அகப்பட்ட, கனமான, கறுப்பு நிறச் சிறு கனசதுரங்கள். கண்டெடுத்தவர் ஹொலண்ட் என்பவர். குமாரசுவாமி அதை யுரேனியக் கனியம் என்று கருதி லண்டனுக்கு அனுப்பினார். அங்கே டன்ஸ்ரன் பகுத்துப் பார்த்தபோது பெரும்பகுதி தோரியமாக இருந்தது. 1904 இல் தோரியனைற் என்ற பெயர் வந்தது. கண்டுபிடித்தவர் குமாரசுவாமியே என்று நம் ஆட்கள் எழுதிவிடுவதுண்டு. அது பலர் கை பட்ட கல். அடுத்த வருடமே லண்டனில் ராம்சேயின் ஆய்வுகூடத்தில் இருந்த ஒட்டோ ஹான், அந்தக் கனியத்திலிருந்து பெற்ற பொருளில் ரேடியோதோரியத்தைக் கண்டார்.

எந்த மண்ணில் என்ன கிடைக்கும் என்பதே குடியேற்ற அரசுக்குத் தேவைப்பட்டது. அந்த மண்ணுக்கு மேலே வாழ்கிறவர்கள் அதன் கணக்கில் வரவில்லை. புல்மோட்டையிலும் மன்னாரிலும் கனிய மணலைப் பற்றிப் பேசுகிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

குமாரசுவாமியின் கண் மனிதர்கள் பக்கம் திரும்பியது. கல் தேடிப் போன கிராமங்களில் தட்டார், கொல்லர், தச்சர், ஓவியர், நெசவாளர் ஆகியோரைப் பார்த்தார். இறக்குமதிப் பொருட்களின் முன் அவர்களுடைய தொழில் படுத்துக்கொண்டிருந்தது. அவர் குறிப்பெடுத்தார், எத்தெல் படம் பிடித்தார். 1906 இல் அரச பணி முடிந்தது. 1908 இல் மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய பெருநூல் ஆங்கிலத்தில் வெளியானது. கையச்சில் 425 பிரதிகள் மட்டுமே.

தமிழ்த் தகப்பனின் பிள்ளை கண்டிக் கைவினைஞரின் அறிவை அழியாமல் எழுதி வைத்தார். நூலகம் எரிந்ததைக் கண்ட நமக்கு, அந்த வேலையின் பெறுமதி தெரியும்.

1917 முதல் அவர் பொஸ்ரன் அருங்காட்சியகத்தில் பணியாற்றினார். 1947 செப்டெம்பர் 9 அன்று அமெரிக்காவின் நீடம் நகரில் காலமானார். இலங்கை சுதந்திரம் பெற இன்னும் ஐந்து மாதங்கள் இருந்தன.