சிறைக்கைதி டூ படைத்தளபதி: டிலனாயை மார்த்தாண்ட வர்மா வேலைக்கு எடுத்தது எப்படி?

கேம்பஸ் இன்டர்வியூவுக்குப் போய்வந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆப்டிடியூட் டெஸ்ட் முடிந்ததும் ஆன்லைனில் இன்னொரு டெஸ்ட் வரும். கூட்டத்தில் பேசப் பிடிக்குமா, தனியாக வேலை பார்க்கப் பிடிக்குமா, திட்டமிட்டது நடக்காவிட்டால் என்ன செய்வீர்கள் என்று வரிசையாகக் கேள்விகள். இதில் சரி, தப்பு கிடையாது. ஆள் எப்படிப்பட்டவர் என்று நிறுவனத்துக்குத் தெரியணும், அவ்வளவுதான்.

ஆனால் வேலைக்கு எடுக்க வேண்டிய ஆள், நேற்றுவரை உங்களைச் சுட வந்த எதிரிப்படைக்காரராக இருந்தால்? அவருக்கு உங்கள் மொழியும் தெரியாது, ஊரும் தெரியாது என்றால்?

கன்னியாகுமரி மாவட்டத்தில் கிட்டத்தட்ட 280 ஆண்டுகளுக்கு முன் அப்படி ஒரு ஆளெடுப்பு நடந்தது. எடுத்தவர் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா. வேலைக்குச் சேர்ந்தவர் டிலனாய்.

யார் இந்த டிலனாய்?

முழுப்பெயர் யூஸ்டேஷியஸ் பெனடிக்டஸ் டி லனாய். 1715-ல் இன்றைய பிரான்ஸில் இருக்கும் அராஸ் நகரத்தில் பிறந்தவர். டச்சு கிழக்கிந்திய கம்பெனியின் படையில் சேர்ந்து இந்தப் பக்கம் வந்தார்.

அப்போது டச்சுக்காரர்களின் கண்ணெல்லாம் மிளகு மேல். திருவிதாங்கூரை விரிவாக்கிக்கொண்டே போன மார்த்தாண்ட வர்மா, அந்த வியாபாரத்துக்குக் குறுக்கே நின்றார். விளைவு, 1741-ல் டச்சுப் படை இலங்கையில் இருந்து கப்பலேறி குளச்சலில் வந்து இறங்கியது. அப்போதைய தலைநகரான பத்மநாபபுரம்தான் குறி. அந்த ஆண்டு ஆகஸ்ட் மாதம் குளச்சலில் டச்சுக்காரர்கள் தோற்றார்கள். ஐரோப்பிய கம்பெனிப் படை ஒன்றை இந்திய மன்னர் ஒருவர் இப்படி வீழ்த்தியது அந்தக் காலத்தில் பெரிய சேதி. அதன் நினைவாக குளச்சலில் வெற்றித்தூண் இன்றும் நிற்கிறது.

பிடிபட்டவர்களில் ஒருவர் டிலனாய். வயது 25. இன்றைக்கு முதல் வேலைக்கு அலைகிற பையன்களின் வயசுதான்.

டச்சுப் படைக்குத் தளபதியே அவர்தான் என்றுதான் ஊரில் கதை. மன்னர் முன் அவர் சரணடைவது போன்ற ஓவியம் பத்மநாபபுரம் அரண்மனையில் இருக்கிறது. ஆனால் டச்சு ஆவணங்களைப் பார்த்த ஆய்வாளர்கள், அவர் அவ்வளவு பெரிய பதவியில் இல்லை என்கிறார்கள். அது உண்மையென்றால் மன்னரின் தேர்வு இன்னும் ஆச்சரியமானது. பதவியைப் பார்த்து எடுக்கவில்லை, ஆளைப் பார்த்து எடுத்திருக்கிறார்.

முதல் வேலை என்ன?

கைதிகள் தக்கலை அருகே புலியூர்குறிச்சியில் உள்ள உதயகிரிக் கோட்டையில் வைக்கப்பட்டார்கள். மன்னருக்கு ஒரு தேவை இருந்தது. ஐரோப்பிய பாணியில் அணிவகுத்து, துப்பாக்கியும் பீரங்கியும் பழகிய படை வேண்டும். அதைச் சொல்லித்தரத் தெரிந்தவர்கள் சிறையிலேயே இருந்தார்கள். டிலனாயோடு வேறு சில கைதிகளும் மன்னரின் சேவையில் சேர்ந்தார்கள்.

எடுத்த எடுப்பில் முழுப் படையையும் தூக்கிக் கொடுத்துவிடவில்லை மார்த்தாண்ட வர்மா. மெய்க்காவல் படையின் சில பிரிவுகளுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலைதான் முதலில். சின்ன வேலை மாதிரித் தெரியும். ஆனால் மன்னரின் உயிரைக் காப்பவர்கள் அவர்கள். நேற்றைய எதிரி, ஆயுதத்தோடு அவர்கள் நடுவில் நிற்கிறார். மன்னர் கண்ணெதிரே தினமும் நடக்கும் டெஸ்ட் அது.

அதில் டிலனாய் தேறினார். பிறகுதான் பொறுப்புகள் ஒவ்வொன்றாக வந்தன. உதயகிரிக் கோட்டை அவர் மேற்பார்வையில் பலப்படுத்தப்பட்டது. அங்கேயே பீரங்கி வார்க்கும் உலை அமைந்தது. 1746-ல் காயங்குளம் திருவிதாங்கூர் வசமானது. தொடர்ந்து வடக்கே ஒவ்வொரு சிற்றரசாக விழுந்தது. இந்தப் படையெடுப்புகளில் எல்லாம் அவர் பயிற்சி கொடுத்த படை நின்றது. கடைசியில் அவர் வலிய கப்பித்தான் ஆனார். அதாவது தலைமைத் தளபதி. 1753-ல் மாவேலிக்கரையில், அவரை அனுப்பிய அதே டச்சு கம்பெனி திருவிதாங்கூருடன் உடன்படிக்கை செய்துகொண்டு ஒதுங்கியது.

இன்றைய ஆய்வு என்ன சொல்கிறது?

ஆளுமைத் தேர்வும் படையில் இருந்து வந்ததுதான். முதல் உலகப் போரின்போது, போர்முனையில் மனம் உடைந்துபோகக் கூடியவர்களை முன்பே கண்டுபிடிக்க அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் உட்வொர்த் ஒரு கேள்வித்தாள் தயாரித்தார். அது பயன்பாட்டுக்கு வருவதற்குள் போரே முடிந்துவிட்டது என்பது வேறு கதை.

1998-ல் ஃபிராங்க் ஷ்மிட், ஜான் ஹன்டர் என்ற இரு ஆய்வாளர்கள் 85 ஆண்டுகால ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். ஒருவர் வேலையில் எப்படி இருப்பார் என்பதை ஆளுமைக் கேள்விகளைவிட, அதே வேலையைக் கொஞ்சம் செய்யச் சொல்லிப் பார்ப்பதே நன்றாகக் காட்டுகிறது என்று தெரிந்தது. பின்னால் வந்த ஆய்வு எண்களைக் குறைத்தது, வரிசையை இந்த இரண்டுக்கும் இடையே மாற்றவில்லை. உலகம் முழுக்கப் பிரபலமான மையர்ஸ்-பிரிக்ஸ் டெஸ்ட்டை ஆளெடுக்கப் பயன்படுத்தக் கூடாது என்று அதை வெளியிடும் நிறுவனமே சொல்கிறது.

மார்த்தாண்ட வர்மா செய்தது கிட்டத்தட்ட அதுதான். ஒரு துண்டு வேலையைக் கொடுத்துப் பார்த்தார். ஆனால் இதை ரொம்பவும் கொண்டாடவும் முடியாது. டிலனாய் அப்போது கைதி. வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வேறு கம்பெனிக்குப் போகிற நிலையில் அவர் இல்லை.

நண்பருக்கு நடந்தது

சேர்ந்த பிறகும் அவர் முழுசாக உள்ளே வந்துவிட்டார் என்று சொல்ல முடியாது. கிறிஸ்தவர் என்பதால் பத்மநாபபுரம் அரண்மனைக்குள் அவருக்கு அனுமதி இல்லை, அதனால்தான் உதயகிரியிலேயே தங்கினார் என்பார்கள். படையே கையில் இருந்தும் அரண்மனை வாசலோடு நிற்க வேண்டிய நிலை.

அரசுப் பணியில் அவருக்கு ஒரு நண்பர் கிடைத்தார். நட்டாலத்தைச் சேர்ந்த நீலகண்ட பிள்ளை. டிலனாயிடம் பைபிள் கதைகளைக் கேட்ட அவர், 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்று தேவசகாயம் ஆனார். 1749-ல் கைது செய்யப்பட்டார். 1752 ஜனவரி 14-ல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். மதம் மாறியதற்காகவே இந்தத் தண்டனை என்கிறது கத்தோலிக்கத் திருச்சபை. அதை மறுப்பவர்களும் உண்டு. 2022 மே மாதம் போப் பிரான்சிஸ் அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கினார்.

நண்பரைச் சுட்டது, டிலனாய் வேலை பார்த்த அதே அரசு. அவரோ வேலையை விடவில்லை. அதற்குப் பிறகு இன்னும் 25 ஆண்டுகள் அதே அரசின் சேவையில் இருந்தார். இதை விசுவாசம் என்பதா, கட்டாயம் என்பதா, வேறு போக்கிடம் இல்லை என்பதா? 1741-ல் எத்தனை கேள்வி கேட்டிருந்தாலும் இந்த விஷயம் மன்னருக்குத் தெரிந்திருக்காது. டிலனாய்க்கே தெரிந்திருக்காது.

1758-ல் மார்த்தாண்ட வர்மா இறந்தார். அடுத்து வந்த கார்த்திகைத் திருநாள் ராம வர்மாவும் டிலனாயை மாற்றவில்லை. வடக்கு எல்லையில் நெடுங்கோட்டை என்ற நீண்ட காவல் அரண் எழுந்தது அந்தக் காலத்தில்தான். 1789-ல் திப்பு சுல்தான் படை வந்து மோதியது இதே அரணில். அதைப் பார்க்க டிலனாய் உயிரோடு இல்லை.

1777 ஜூன் 1-ல், கைதியாக வந்து சேர்ந்த அதே உதயகிரிக் கோட்டையில் அவர் இறந்தார். சேவைக்காலம் சுமார் 36 ஆண்டுகள். கோட்டைக்குள் இருக்கும் சிறிய தேவாலயத்தில் அவர் கல்லறை இருக்கிறது. பக்கத்திலேயே மனைவியும், இளம் வயதில் இறந்த மகன் ஜோஹன்னஸும். கோட்டை இப்போது வனத்துறையின் உயிரிப் பன்மைப் பூங்கா. ஊர்க்காரர்களுக்கு அது இன்னமும் டிலனாய் கோட்டைதான். கல்லறைக் கல்லில் அவரைப் பற்றி லத்தீனிலும் தமிழிலும் பொறித்திருக்கிறார்கள்.