டார்வினும் பவளத் தீவும்

1809-இல் ஆங்கில நாட்டிற் பிறந்த சார்லஸ் டார்வின், பவளத் தீவொன்றையும் காணுமுன்னரே, எரிமலைத் தீவு மெல்லத் தாழுந்தோறும் அதனைச் சூழ்ந்த பவளம் மேல்வளர்ந்து வளையமாகுமென ஊகித்தார். 1836 ஏப்ரலில் பீகிள் கப்பல் அவரை இந்துமாக்கடலிலுள்ள கீலிங் தீவிற் சேர்த்தது. ஆங்கு நீண்ட கழியூன்றித் தாவி, அலை மோதும் பவள விளிம்பளவுஞ் சென்றார். அதற்கப்பாலுள்ள ஆழத்தைக் காண்பதெங்ஙனம்? கப்பற்றலைவர் பிட்ஸ்ராய் கொழுப்புப் பூசிய ஈயக்குண்டை இறக்கினார். ஆழங்குறைந்த இடத்திற் பவளத்தின் சுவடும், ஆழமிக்க இடத்தில் மணலும் அதிற் பதிந்து வந்தன. இன்று காற்றுக்கலஞ் சுமந்து மூழ்குவோர் கண்ணாரக் காண்பதை அவர் அறிந்தது அச்சுவட்டினாலேயே!

1842-இல் அவர் நூல் வெளிவந்தது. பின்னாளில் மறுத்தோரும் எழுந்தனர். தீவைத் துளையிட்டுப் பார்க்கச் செல்வர் ஒருவர் முன்வரவேண்டுமென 1881-இல் அறிஞர் அகாசிக்கு எழுதினார், மறுவாண்டே மறைந்தார். பிறகு புனாபுட்டித் தீவில் 1,000 அடிக்கு மேல் துளைத்தும் அடித்தளம் எட்டவில்லை. 1952-இல் எனிவெட்டாக் தீவில், 4,000 அடிக்குக் கீழே, எரிமலைப் பாறை தட்டுப்பட்டது.